ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், "எல்லா ரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை" என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே சொல்லைப் பற்றித்தான்: ரிப்போர்ட்டின் தலைப்பில் அச்சாகியிருக்கும் 'கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ்'. மெல்லிய குழாய்க்குள் மின்சாரம் கொடுத்து ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை அது. கோயமுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே என் நாற்காலி. அதனால் இந்த மாதம் முழுவதும் அதற்கே.

கேள்வி: மகளுக்கு எங்கண்ணன் பையனையே பேசியிருக்கோமுங்க. தை மாசம் கல்யாணம். சோர்வா இருக்குதுன்னு டாக்டர்கிட்ட காட்டினதுல ஹீமோகுளோபின் 10.6, எம்.சி.வி. 64. அப்புறம் இந்தக் கேப்பிலரி டெஸ்ட் எழுதினாங்க. அதுல 'ஹெச்.பி. ஏ2 – 5.2 சதவீதம்'னு வந்திருக்குதுங்க. புள்ளைக்கு ரத்தத்துல குறையா? கல்யாணத்தை நிறுத்தோணுமுங்களா?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

நிறுத்த வேண்டாம் அம்மா. முதலில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுக்கு நோய் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள்.

நம் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் ஒரே வகையில்லை. பெரும்பங்கு 'ஏ'. 'ஏ2' என்று ஒரு சிறு பங்கு, கருவில் இருந்த காலத்தின் மிச்சமாக 'எஃப்' துளியூண்டு. ஏ2 சாதாரணமாக 2-லிருந்து 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பீட்டா தலசீமியா என்ற மரபணு மாற்றத்தை ஒரே ஒரு பிரதியாக வைத்திருப்பவர்களுக்கு அது 3.5-ஐத் தாண்டும், பெரும்பாலும் 4-க்கு மேல் போகும். உங்கள் மகளின் 5.2-ம், சிவப்பணு சிறுத்துப்போய் அதன் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 64 என்று இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அவள் தலசீமியா 'கடத்தி'. இதோடு படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். இரும்பு மாத்திரையை மட்டும் ஊகத்தில் விழுங்க வேண்டாம். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பார்த்து, உண்மையிலேயே குறைந்திருந்தால்தான் மாத்திரை.

கவனிக்க வேண்டியது மாப்பிள்ளையை. அவரும் கடத்தியாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மரபணு சேரும். அந்தப் பிள்ளைக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உடம்பில் சேரும் இரும்பை இறக்க ஆயுசு பூராவும் மருந்து சாப்பிட வேண்டும். அவர் கடத்தி இல்லை என்று வந்துவிட்டால், பிறக்கும் பிள்ளை பாதிக்குப் பாதி வாய்ப்பில் உங்கள் மகள் மாதிரி கடத்தியாக இருக்கும். அவ்வளவுதான்.

சொந்தத்துக்குள் கட்டுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இது உங்களிடமிருந்து வந்ததா, அவள் அப்பாவிடமிருந்து வந்ததா என்று இன்னும் தெரியாது. நீங்கள் இருவரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். உங்களிடமிருந்து வந்தது என்றால் உங்கள் அண்ணனுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவர் பையனுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அப்பா வழி என்றால், அந்தப் பக்கம் வேறு சொந்தம் இல்லாதவரை, பையனுக்கு ஊரில் மற்றவர்களுக்கு இருக்கும் வாய்ப்பே. எப்படி இருந்தாலும் பையன் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிடட்டும். இருவரும் கடத்தி என்று வந்தாலும் வழி அடைபடாது. கருவுற்ற 10-லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியும். அதற்கு இரண்டு பேரின் மரபணு மாற்றமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இப்போதே பார்க்கச் சொல்கிறேன்.

அண்ணி என்ன நினைப்பார்களோ என்று மறைக்காதீர்கள் அம்மா. ஜாதகக் கட்டு எடுத்துப்போகும் பையிலேயே இந்தத் தாளையும் வைத்து எடுத்துப்போங்கள். கேட்டால் நான் எழுதியதைக் காட்டுங்கள்.

கேள்வி: மேடம், பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். 'எலக்ட்ரோ ஆஸ்மோசிஸ்' என்று வகுப்பில் சொன்னதைத் தேர்வுக்கு எழுதிவிட்டேன். புரியவில்லை. எதிர் மின்னேற்றம் உள்ள புரதம் நேர் முனைக்குத்தானே போக வேண்டும்? எதிர் முனையில் வைத்திருக்கும் கருவிக்கண் முன்னால் அது எப்படி வந்து நிற்கிறது?
(கல்லூரி மாணவர், சென்னிமலை)

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த இதழை எழுதலாம் கண்ணு.

குழாயைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாயா? உருக்கிய சிலிக்கா கண்ணாடி. வெளியே பாலிஇமைடு பூச்சு, அது தேன் நிறத்தில் இருக்கும். அந்தப் பூச்சால்தான் கண்ணாடி ஒடியாமல் கம்பி மாதிரி வளைகிறது. உள்துளை 50 மைக்ரான் என்று வை, அதாவது தலைமுடியை விட மெல்லியது. அரை மீட்டர் நீளக் குழாய் முழுவதையும் நிரப்ப ஒரு மைக்ரோலிட்டர் திரவம் போதும், ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. அதிலும் நோயாளியின் சாம்பிள் சில நானோலிட்டர்தான். இரண்டு முனையையும் பஃபர் கரைசலில் (அமில-காரத் தன்மை எளிதில் மாறாத கரைசல்) முக்கி, 30,000 வோல்ட் வரை கொடுக்கலாம். வீட்டு லைன் 230 வோல்ட். அத்தனை வோல்ட்டில் திரவம் கொதிக்க வேண்டாமா? கொதிப்பதில்லை. குழாய் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் உள்ளே உண்டாகும் சூடு சுவர் வழியாக உடனே வெளியேறிவிடுகிறது. பழைய ஜெல் முறையில் வோல்ட்டைக் கூட்டினால் ஜெல் சூடேறிப் பட்டைகள் கலங்கிப்போகும். குழாயை மெல்லியதாக்கினார்கள், அந்தச் சிக்கல் போயிற்று.

இப்போது உன் கேள்வி. சிலிக்காச் சுவரின் மேல் சிலனால் தொகுதிகள் இருக்கின்றன. அமிலத்தன்மை குறையக் குறைய அவை ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும், சுவர் எதிர் மின்னேற்றம் அடையும். உடனே பஃபரில் இருக்கும் நேர் அயனிகள் சுவரை ஒட்டி வரிசை கட்டும். மின்னழுத்தம் கொடுத்ததும் அந்த வரிசை எதிர் முனையைப் பார்த்து நகரும். நகரும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குழாய் முழுவதும் உள்ள திரவமே ஒரு பக்கமாக ஓடுகிறது. இதுதான் நீ எழுதிய எலக்ட்ரோ ஆஸ்மோசிஸ்.

உங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் கீழ்பவானி வாய்க்காலை நினைத்துக்கொள். நட்ட நடுவில் ஒரு வேப்பிலையையும் கரையோரம் ஒன்றையும் போட்டால் நடுவில் போட்டது முந்திவிடும். கரை தண்ணீரைப் பிடித்து இழுக்கிறது. பம்ப் வைத்துத் தள்ளும் குழாயிலும் இதே கதை, நடுவில் வேகம், ஓரத்தில் மந்தம். அப்படி ஓடினால் ஒன்றாகப் புறப்பட்ட சாம்பிள் வில் மாதிரி வளைந்து நீண்டுவிடும், வரைபடத்தில் அதைக் காட்டும் கூம்பு, அதாவது பீக், அகன்றுபோகும். கேப்பிலரிக்குள்ளே இழுப்பு தொடங்குவதே கரையில். வாய்க்கால் கரை இரண்டும் சேர்ந்து நடந்து தண்ணீரைக் கூட்டிப்போகிறது என்று வை. நடுவும் ஓரமும் ஒரே வேகம். அதனால்தான் நம் பீக்குகள் ஊசி மாதிரி நிற்கின்றன.

ஹீமோகுளோபினைப் பிரிக்கும் பஃபர் காரத்தன்மை கொண்டது, பி.ஹெச். 9.4 அளவில். அதில் எல்லா ஹீமோகுளோபினும் எதிர் மின்னேற்றம்தான். நீ சொன்ன மாதிரி நேர் முனைக்கு நீந்தத்தான் பார்க்கும். ஆனால் ஓட்டம் அதைவிடப் பலம். எதிர்நீச்சல் போடுகிறவனையும் வாய்க்கால் அடித்துக்கொண்டு போகும் இல்லையா? யார் கம்மியாக எதிர்நீச்சல் போடுகிறாரோ அவர் முதலில் வந்து சேருவார். எதிர் மின்னேற்றம் குறைந்த ஏ2 முதலில், அப்புறம் எஸ் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் அரிவாளணுச் சோகையில் வரும் வகை), எஃப், கடைசியில் ஏ. வழியில் ஓரிடத்தில் பூச்சை நீக்கி ஜன்னல் வைத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் உறிஞ்சும் 415 நானோமீட்டர் ஒளி அங்கே காத்திருக்கும்.

டி.என்.ஏ.வுக்கு மட்டும் இந்தத் தந்திரம் போதாது. நீளம் கூடும்போது மின்னேற்றமும் அதே கணக்கில் கூடுவதால் நெட்டையும் குட்டையும் ஒரே வேகத்தில் போகும். அதற்குக் குழாய்க்குள் பாலிமர் கரைசலை நிரப்புகிறார்கள். கரும்புக் காட்டுக்குள் சின்னப் பையன் நுழைந்து ஓடிவிடுவான், ஏணி தூக்கி வருகிறவர் சிக்கிச் சிக்கித்தான் வருவார். அதே வேலை.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்? நோபல் பரிசு உண்டா?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஈரோடு)

ஐயா, வேர் ஸ்வீடனில் இருக்கிறது. உப்சாலாவில் ஆர்னே டிசேலியஸ் 1937-இல் 'யு' வடிவக் குழாயில் ரத்த சீரத்தை மின்புலத்தில் ஓடவிட்டு, அதிலுள்ள புரதங்களை அல்புமின், ஆல்பா, பீட்டா, காமா குளோபுலின் என்று பிரித்துக் காட்டினார். 1948-இல் வேதியியல் நோபல். அடுத்த வருடமே அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் அதே கருவியில் அரிவாளணுச் சோகை நோயாளியின் ஹீமோகுளோபின் வேறு வேகத்தில் நகர்வதைக் கண்டார்கள். ஒரு நோய்க்குக் காரணம் ஒரு மூலக்கூறில் உள்ள மாற்றம் என்று மனிதர்களுக்கு முதன்முதலில் தெரிந்தது அப்போதுதான். அதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை, இன்றும் நினைத்தால் சிலிர்க்கிறது.

மெல்லிய குழாய்க்கு வருவோம். ஸ்டெல்லான் யெர்டேன் 1967-இல் 3 மில்லிமீட்டர் குழாயைச் சுழலவிட்டுச் செய்தார். அதை 75 மைக்ரானுக்குக் கொண்டுவந்தவர்கள் வட கரோலினாவில் ஜேம்ஸ் ஜார்கென்சனும் கிரின் லூகாக்சும். வருடம் 1981. மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடிக்கும் வேலையை வேகப்படுத்தியது 96 கேப்பிலரிகளை ஒன்றாக அடுக்கிய கருவிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் செல்லுலோஸ் அசிடேட் தாள்தான். சாம்பிளைக் கோடாக இழுத்து, ஓடவிட்டு, பொன்சோ சாயத்தில் நனைத்து, கழுவி, காயவைத்துப் பார்க்க அரை நாள் போய்விடும். ஏ2 பட்டை மங்கலாக இருக்கும், அது 3-ஆ 4-ஆ என்று கண்ணால் சண்டை போடுவோம்.

கேள்வி: கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். முட்டை வெள்ளைக்கருவையும் இப்படிப் பிரிக்கலாமா?
(நாமக்கல்)

தாராளமாக. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின், அது அமிலப் பக்கம். லைசோசைம் மூன்று நாலு சதவீதம்தான், ஆனால் அது காரப் பக்கம், நேர் மின்னேற்றம் பலமாக உள்ளது. அதனாலேயே எதிர் மின்னேற்றச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும். உள்பூச்சு கொடுத்த குழாயை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: மலைக் கிராமங்களில் சுகாதாரப் பணி செய்கிறேன் அக்கா. முகாமில் ஒரு துளி ரத்தத்தில் அங்கேயே அரிவாளணுச் சோதனை போடுகிறோம். பாசிட்டிவ் வந்தால் மறுபடி ஊசி குத்திக் கீழே அனுப்பச் சொல்கிறார்கள். "எதுக்கு ரெண்டு தடவை?" என்று தாய்மார்கள் கோபிக்கிறார்கள். ஒரு குழந்தைக்குக் 'கடத்தி' என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் அடிக்கடி கை கால் வலி என்று அழுகிறாள்.
(சத்தியமங்கலம் மலைப்பகுதி)

தங்கச்சி, அந்தக் குழந்தையை நாளைக்கே திரும்பப் பார்க்கச் சொல். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முகாமில் போடும் கரைதிறன் சோதனை, ரத்தத்தில் 'எஸ்' இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. கடத்தியா நோயாளியா என்பது அந்த அளவில்தான் இருக்கிறது. கடத்திக்கு ஏ கூடுதல், எஸ் 35-லிருந்து 40 சதவீதம் மாதிரி. நோயாளிக்கு ஏ கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் உட்கார்ந்திருக்கும், சங்கிலிக்கு ஒன்று வீதம் ஒரு ஹீமோகுளோபினில் இரண்டு எதிர் மின்னேற்றம் குறையும். அந்த இரண்டை வைத்துத்தான் கேப்பிலரி ஏ-யையும் எஸ்-ஐயும் பிரிக்கிறது. தாய்மார்களிடம், "முதல் குத்து இருக்குதான்னு பார்க்க, ரெண்டாவது குத்து எவ்வளவுன்னு அளக்க" என்று சொல்லிப் பார். இந்தியாவில் அரிவாளணு முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மேற்கு மலையில்தான், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் இருவரும் 1952-இல் எழுதினார்கள். தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்க 2023 ஜூலை ஆயிற்று. இடையில் 71 வருடம். அந்த இடைவெளி மனதை அறுக்கிறது.

இனி அந்தக் குழந்தை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மலையிலிருந்து நாலு வயதுப் பெண் குழந்தையின் சாம்பிள் வந்தது. சீட்டில் பெயர், வயது, பால். வேறொன்றும் இல்லை. ஏ 52, எஸ் 36, எஃப் 9, ஏ2 3. 'கடத்தி' என்று கையெழுத்துப் போட்டேன். நாலு வயதில் எஃப் 9 ஏன் இருக்க வேண்டும் என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, அன்றைக்கு மேசையில் எழுபது சாம்பிள்.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடி ஓட்டினோம். எஸ் 78, எஃப் 19, ஏ2 3. ஏ இல்லவே இல்லை. முதல் சாம்பிள் எடுப்பதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு மருத்துவமனையில் அந்தக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். நான் அளந்த 'ஏ' எல்லாம் யாரோ கொடுத்த ரத்தம். ஏற்றிய சிவப்பணு 120 நாள் வரை உள்ளே ஓடும். கருவி உள்ளதைத்தான் காட்டியது, யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த ஐந்து மாதமும் தொற்றைத் தடுக்கும் பென்சிலின் இல்லை, வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா இல்லை, வலி வந்தபோதெல்லாம் "ஒன்றுமில்லை, கடத்திதான்" என்று என் தாளைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே" என்றார்.

அன்றிலிருந்து, ரத்தம் ஏற்றினார்களா, எப்போது என்று கேட்காமல் நான் ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. நீயும் சாம்பிள் சீட்டில் அதைப் பேனாவால் எழுதிவிடு. ஏற்றியிருந்தால் நாலு மாதம் பொறுத்து எடுக்கலாம். பொறுக்க முடியாத நிலை என்றால் அப்பா அம்மா இருவர் ரத்தத்தையும் சேர்த்து அனுப்பு. ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் எஃப் இன்னும் இறங்கியிருக்காது, வயதையும் மாதக்கணக்கில் எழுது.

திருப்பூர்ப் பக்கத்து நண்பர்களுக்கும் இதோடு ஒரு வார்த்தை. அசாம், வங்காளத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களில் 'ஹெச்.பி. இ' என்ற ஹீமோகுளோபின் வகை உண்டு. ஹெச்.பி.எல்.சி. என்ற இன்னொரு பிரிப்பு முறையில் அது ஏ2-வோடு சேர்ந்தே வந்து விழும், கேப்பிலரியில் தனியாக நிற்கும். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை எழுதும்போது எந்த ஊர்க்காரர் என்று கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. முதுகுவலிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்த மறுநாள் புரத எலக்ட்ரோபோரெசிஸ் பார்த்ததில் 'சந்தேகத்துக்குரிய சிறு பீக்' என்று போட்டிருக்கிறார்கள். புற்றுநோயா?
(கரூர்)

சி.டி.க்குச் சாயம் ஏற்றினார்களா என்று முதலில் கேளுங்கள் தம்பி. புரதத்தை இந்தக் கருவி 200 நானோமீட்டர் அளவிலான புற ஊதாக் கதிரில் பார்க்கிறது. அயோடின் கலந்த சாயமும் அந்தக் கதிரை உறிஞ்சும், புரதம் மாதிரியே பீக் காட்டும். சில நாள் கழித்துப் புது ரத்தத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் பீக் நின்றால், அது எந்த வகைப் புரதம் என்று இம்யூனோஃபிக்சேஷன் செய்து, கால்சியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், எலும்புப் படம் எல்லாம் சேர்த்து ரத்தநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயதானவர்களில் இந்தப் பீக் இருந்தும் நோய் இல்லாதவர்கள் நிறைய உண்டு. அதற்காகக் காட்டாமல் விட்டுவிடவும் கூடாது.

கேள்வி: சின்ன லேப் அக்கா எங்களுடையது. காலையில் பீக் ஒரு இடத்தில் வருது, மத்தியானம் தள்ளி வருது. சில நாள் நடு ரன்னில் கரன்ட் சைபருக்கு விழுந்துடுது. கம்பெனி ஆள் வர நாலு நாள் ஆகுமுங்கறாங்க.
(லேப் டெக்னீஷியன், மேட்டுப்பாளையம்)

கரன்ட் விழுந்தால் பெரும்பாலும் குழாய்க்குள் காற்றுக்குமிழ், இல்லாவிட்டால் அடைப்பு. சொட்டுநீர்க் குழாயில் ஒரு மணல் மாட்டினால் அந்தச் செடி காய்கிற மாதிரிதான். சாம்பிளில் நூல் மாதிரி உறைகட்டி இருக்கிறதா என்று குச்சியால் தொட்டுப் பார், பஃபர் குப்பியில் மட்டம் இறங்கி முனை காற்றில் நிற்கிறதா என்று பார்.

பீக் தள்ளிப்போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது சூடு. தண்ணீரின் பிசுப்பு ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் இறங்கும், ஓட்டம் அந்த அளவுக்கு வேகமாகும். கருவிக்குள் குளிரூட்டி இருந்தாலும், மத்தியான வெயில் விழும் ஜன்னலோரம் வைத்திருந்தால் அதுவும் திணறும். அடுத்தது பஃபர். ஓட்ட ஓட்ட முனைகளில் மின்பகுப்பு நடந்து பி.ஹெச். நகரும், மூடி சரியில்லாவிட்டால் ஆவியாகும். விலையை நினைத்து நேற்றுக் குப்பியில் இன்றும் ஓட்டாதே. மூன்றாவது சுவர். முந்தின சாம்பிளின் புரதம் படிந்தால் சிலிக்காவின் மின்னேற்றம் மறைந்துபோகும், ஓட்டம் மந்தமாகும். சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீர், பஃபர் என்று உன் கருவியின் கையேடு சொல்கிற வரிசையில் கழுவு.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எக்கச்சக்கம். ஒரு தடவை எங்கள் அயனி நீக்கியின் வடிகட்டி தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் மூன்று நாள் பீக்கைத் துரத்தினோம். கடத்துதிறன் மீட்டரை வைத்து இன்றைக்கே பார். அதுவும் சரியாக இருந்தால், நேற்றைய கன்ட்ரோல் சாம்பிளை (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் ஓட்டி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்பு. அறைச் சூடு எத்தனை டிகிரி என்று இரண்டிலும் எழுதி அனுப்பு.